கஞ்சியில் கரைந்த பை

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் ஒரு காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், உங்கட புள்ளைகள் மரவள்ளிக் கிழங்கில பை செஞ்சாங்களாமே. நோன்பு வருது. கஞ்சி குடுக்கிறதுக்கு ஒரு ஐநூறு பை செஞ்சு தரேலுமா? காசப் பத்தி யோசிக்க வேணாம்."

பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் சந்தோஷமாக என்னைப் பார்த்தார்கள். நான் "ஏலாது காக்கா" என்றேன். காக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியத்துக்குக் கேட்டும் இந்த மனுஷன் மறுக்கிறாரே என்று நினைத்திருப்பார். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். இதில் என்னுடைய ஒரு தவறும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கதை போன வருட நோன்பில் தொடங்கியது.

அஸர் தொழுத கையோடு கஞ்சி வரிசை தொடங்கும், தெரியும்தானே. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உம்மா அலுமினிய வாளி ஒன்றைக் கழுவித் தந்து அனுப்புவா. வரிசையில் ஆட்களை விட வாளியும் சட்டியும்தான் தெரியும். இப்போது பாதிப் பேர் வெறுங்கையோடு வருகிறோம். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை ஷொப்பிங் பேக்கில் ஊற்றி, வாயை முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். நானும் அப்படி வாங்கிக்கொண்டு போனவன்தான். மறுநாள் காலையில் அந்தப் பைகள் வடிகானில் கிடக்கும். அங்கிருந்து சில கடலுக்குப் போகும், மிச்சம் குப்பை லொறியில் ஏறும்.

குப்பை லொறி போகும் இடங்களைப் பற்றி அம்பாறை மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று 8 வருடத்தில் 20 யானையளவில் செத்துப்போனதாக 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. சோறு ஒட்டியிருந்த பையைச் சாப்பாடு என்று நம்பித் தின்ற யானைகள்.

அந்த நோன்புக்குப் பிறகு தரம் 10 வகுப்பில் பல்பகுதியம் பாடம் நடத்தினேன். சின்னச் சின்ன மூலக்கூறுகள் கைகோர்த்து நீண்ட சங்கிலியாவதுதான் பல்பகுதியம். பொலித்தீன் அப்படித்தான், சோற்றிலும் கிழங்கிலும் இருக்கும் மாப்பொருளும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின் வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.

"சேர், ரெண்டும் சங்கிலிதான் எண்டா, மாப்பொருளில ஏன் பை செய்ய ஏலாது?"

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய உம்மா காலையில் இடியப்பம் அவித்து விற்பவர். 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்குத் தடை வந்தபோது பழைய பிரம்புத் தட்டுக்கு மாறியவர். தட்டு மாறியது, ஆனால் இடியப்பம் கட்டிக் கொடுப்பது பொலித்தீனில்தான். ஆகவே அந்தக் கேள்வி புத்தகத்தில் இருந்து வந்ததல்ல.

"செய்யலாம், செஞ்சு பாப்பமா?" என்றேன்.

செய்முறையை விவரமாகச் சொல்கிறேன். வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புபவர்களுக்குப் பயன்படும்.

1 கிலோ மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, தேங்காய்த் துருவல் போலத் துருவினோம். தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் பிழிந்தோம். பால் போல வரும். அதை அசைக்காமல் சில மணி நேரம் வைத்தால் வெள்ளை மா அடியில் கெட்டியாகப் படியும். மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, இரண்டு தடவை கழுவி வெயிலில் காயவைத்தோம். 1 கிலோ கிழங்கில் எங்களுக்குக் கிடைத்தது 150 கிராமளவு மா.

ஒரு எச்சரிக்கை. பச்சைக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. துருவும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிழிந்த தண்ணீரை ஆட்டுக்கோ கோழிக்கோ வைத்துவிடாதீர்கள். மரவள்ளி சாப்பிட்டால் இஞ்சி தின்னக்கூடாது என்று நம் வீடுகளில் மூத்தவர்கள் பயப்படுவது தெரியும்தானே. இஞ்சி கிடக்கட்டும், நன்றாக அவிக்காத கிழங்குக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

பிறகு 10 கிராம் மா, 60 மில்லிலீற்றர் தண்ணீர், 5 மில்லிலீற்றர் வினாகிரி. முகவையில் கலந்து, சிறு நெருப்பில் விடாமல் கிண்டினோம். சூடு 65 பாகை செல்சியசைத் தாண்டும் அளவில் பால் நிறம் மாறி, கண்ணாடி போலத் தெளிந்து, பசையாக இறுகியது. சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். சவ்வரிசியும் மரவள்ளி மாதான். வெள்ளையாக இருந்த முத்து வேகும்போது கண்ணாடியாவது இதே மாற்றம். மா மணிக்குள் சுருண்டு கிடக்கும் சங்கிலிகள் சூட்டில் தண்ணீர் குடித்து வீங்கி அவிழ்கின்றன. அந்தப் பசையைத் தட்டையாகப் பூசி உலர விட்டால், சங்கிலிகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு ஒரு தாளாக வரும்.

எங்கள் முதல் தாள் காய்ந்த குளத்தின் அடி மாதிரி வெடித்துப் போனது. நெகிழ்வு இல்லை. அடுத்த முறை பார்மசியில் வாங்கிய கிளிசரின் 5 மில்லிலீற்றர் சேர்த்தோம். கிளிசரின் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, அவை வழுக்கி அசைய இடம் கொடுக்கிறது. வினாகிரியின் வேலை வேறு. மாப்பொருளில் நேராக நீளும் அமைலோசும் உண்டு, மரக்கிளை போலப் பிரியும் அமைலோபெக்ரினும் உண்டு. மரவள்ளியில் கிளைச் சங்கிலிதான் அதிகம். அமிலம் அந்தக் கிளைகளைக் கொஞ்சம் வெட்டிவிடுவதால் தாள் சீராகப் படியும்.

இரண்டாவது தாளுக்குப் பூஞ்சணம் பிடித்தது. மழைக்காலம், ஈரக் காற்று. பூஞ்சணம் தின்ன விரும்பும் பிளாஸ்டிக் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாவது கிண்டும்போது அடிப்பிடித்தது. நான்காவதில் காற்றுக்குமிழ். பிறகு சில தடவை எண்ணவில்லை. மழை விட்ட ஒரு வாரத்தில் தட்டை கூரைத் தகட்டுக்குக் கீழே நிழலில் வைத்தோம். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தாள். விரித்த கொப்பியளவு முழுத் தாள். மடித்தால் மடிந்தது. பத்திரிகைக்கு மேல் வைத்தால் எழுத்து தெரிந்தது. வகுப்பு முழுக்கக் கத்தியதில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்துவிட்டார்.

பூச்சட்டி மண்ணில் அதில் ஒரு துண்டையும் ஷொப்பிங் பேக்கில் ஒரு துண்டையும் புதைத்தோம். மூன்று கிழமைக்குப் பிறகு தோண்டியபோது எங்கள் துண்டைக் காணவில்லை. ஷொப்பிங் பேக் கழுவினால் திரும்பக் கடைக்குக் கொண்டுபோகலாம் போல இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் நான் வலய மட்டக் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். "நோன்புக் கஞ்சிக்கு மரவள்ளிப் பை" என்று தலைப்பும் போட்டுவிட்டேன். தாளின் ஓரங்களைப் பசையால் ஒட்டிப் பிள்ளைகள் பைகளும் செய்தார்கள். கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தப் பிள்ளை வந்து நின்றாள்.

"சேர், பைக்குள்ள கஞ்சி ஊத்திப் பாத்தேன்."

"என்ன நடந்த?"

"கையோட வந்துட்டு சேர்."

வீட்டில் சூடான கஞ்சியை ஊற்றியிருக்கிறாள். இரண்டு நிமிடத்துக்குள் பை கொழகொழத்து, அடி விட்டு, கஞ்சி சிந்தியிருக்கிறது. நல்லவேளை, கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்திருக்கிறாள்.

விஞ்ஞானம் படித்த எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியும், யோசிக்கவில்லை. பொலித்தீன் சங்கிலியில் காபனும் ஐதரசனும் மட்டும்தான். தண்ணீர் பிடித்துக்கொள்ள அதில் இடமே இல்லை. மாப்பொருள் சங்கிலி முழுக்க ஐதரொட்சில் கூட்டங்கள். தண்ணீரைக் கண்டால் கட்டிப்பிடிக்கும். மண்ணுக்குள் ஈரமும் கிருமியும் உள்ளே போய் மூன்று கிழமையில் தாளைத் தின்று முடித்தது இந்தக் குணத்தால்தான். சூடான கஞ்சியில் இரண்டு நிமிடத்தில் கரைந்ததும் இதே குணத்தால்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கழற்ற முடியாது.

இனி என் தவறு. அந்தப் பிள்ளையிடம் நான் இப்படிச் சொன்னேன்: "மகள், மண்ணில மக்கினதக் காட்டுவம். கஞ்சி ஊத்தினத நாம சொல்லத் தேவையில்ல. கேட்டா மட்டும் சொல்லுவம்."

அவள் "சரி சேர்" என்று போய்விட்டாள்.

கண்காட்சி அன்று நடுவர்கள் எங்கள் மேசைக்கு வந்தார்கள். அவள் மண் சட்டியைக் காட்டினாள், படங்களைக் காட்டினாள், நன்றாகப் பேசினாள். நடுவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த மேசைக்கு அவர்கள் நகரப் போகும்போது, மேசைக்குக் கீழே இருந்து பிளாஸ்க் ஒன்றை எடுத்தாள். பேசின் ஒன்றை வைத்து, பைக்குள் சுடுதண்ணீரை ஊற்றினாள். எல்லோர் முன்னாலும் பை கரைந்து விழுந்தது. "இதுதான் எங்கட பையிட பிரச்சினை. இதுக்கு எங்களுக்கு இன்னும் விடை தெரியா" என்றாள். ஒரு நடுவர் சிரித்துவிட்டார். எங்களுக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் நான் அவளோடு பேசவில்லை. ஒரு ஆசிரியர் செய்யக்கூடாத காரியம் அது. கோபம் என்று அப்போது நினைத்தேன், உண்மையில் வெட்கம். இறங்கும் இடம் வந்ததும் அவளாகவே சொன்னாள்:

"சேர், அவங்க நல்ல பை எண்டு நம்பி நோன்புக்குக் கஞ்சி ஊத்தினா, வரிசையில நிக்கிற சின்னப் புள்ளையிட கால்தானே வேகும்?"

எனக்குப் பதில் இல்லை. அடுத்த நாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கரும்பலகையில் "பரிசோதனை முடிவு" என்று எழுதி, அதற்குக் கீழே மக்கியதையும் கரைந்ததையும் ஒன்றாக எழுதச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகத் தேடி வாசித்தேன். வாசித்ததில் நமக்குத் தேவையானவை இவை.

மரவள்ளிப் பை உலகில் இல்லாதது அல்ல. இந்தோனேசியாவின் பாலியில் அவானி என்ற நிறுவனம் மரவள்ளி மாவில் பை செய்கிறது. அதை ஆரம்பித்த கெவின் குமாலா, பையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தே காட்டியவர். நம் பிள்ளை நடுவர்களுக்குக் குறையாகக் காட்டியதை அவர் பெருமையாகக் காட்டினார். கடையில் பொருள் தூக்கிப் போக அது நல்ல பை. சூடான கஞ்சிக்கு அல்ல.

துருக்கியில் எலிஃப் பில்கின் என்ற 16 வயதுப் பிள்ளை வாழைப்பழத் தோலில் இருந்து பிளாஸ்டிக் செய்து 2013 கூகுள் விஞ்ஞானக் கண்காட்சியில் பரிசு வாங்கினாள். அதற்கு முன் இரண்டு வருடம் உழைத்திருக்கிறாள், பல முறை தோற்றிருக்கிறாள். எங்கள் பிள்ளை வேலை செய்தது சில மாதங்கள்தான்.

தண்ணீர் தாங்கும் "மக்கும்" பைகளும் சந்தையில் உண்டு. அவற்றில் மாப்பொருளோடு வேறு பல்பகுதியங்களைக் கலக்கிறார்கள். சோளம் போன்றவற்றின் மாப்பொருளைச் சீனியாக்கி, நொதிக்க வைத்துச் செய்யும் பொலிலக்டிக் அமிலம் அதில் ஒன்று. ஆனால் அது ஒழுங்காக மக்க 60 பாகை அளவு சூட்டில் நடக்கும் பெரிய கூட்டெரு நிலையம் வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 13432 என்ற தரம் கேட்பதும் அப்படிப்பட்ட நிலையத்தில் 6 மாதத்துக்குள் 90 வீதம் சிதைய வேண்டும் என்றுதான். நம் ஊர்க் குப்பை போகும் இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் பை வடிகானில் கிடந்தால் அதுவும் இன்னொரு பொலித்தீன் மாதிரித்தான் நாள் கணக்கில் கிடக்கும்.

இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் பல வகைப் பைகளை மண்ணிலும் கடல் நீரிலும் விட்டுப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மக்கும் என்று எழுதிய ஒரு வகைப் பை, 3 வருடம் கழித்தும் கடைச்சாமான் தூக்கும் பலத்தோடு இருந்தது. கூட்டெருவுக்கு உகந்தது என்ற இன்னொன்று கடலில் 3 மாதத்துக்குள் காணாமல் போனது, மண்ணிலோ 27 மாதம் கழித்தும் கிடந்தது. ஆகவே கடையில் யாராவது "இது மக்கும் பை" என்று தந்தால் எதனால் செய்தது, எந்த இடத்தில் மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

தடைச் சட்டமும் நமக்குப் புதிதல்ல. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடிய பிறகு, அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் 20 மைக்ரோனை விட மெல்லிய பொலித்தீன், லன்ச் சீட், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் தடை வந்தது. அதற்குப் பிறகும் நம் கையில் ஏதோ ஒரு பை இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு பைக்குப் பதில் இன்னொரு பை என்று மட்டுமே நாம் யோசித்ததால் அப்படி.

காக்கா கேட்ட ஐநூறு பைக்குக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு பைக்கு 15 கிராம் மா என்றால் ஏழரைக் கிலோ மா. எங்கள் கையளவில் அதற்கு 50 கிலோ தோலுரித்த கிழங்கு வேண்டும். ஒரு நாள் கஞ்சிக்கு. ஐம்பது கிலோ கிழங்கை அவித்தால் எத்தனை வீட்டில் நோன்பு திறக்கலாம்!

அப்படியென்றால் பிள்ளைகள் செய்தது வீணா? இல்லை. ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் அந்தத் தாள் நன்றாக வேலை செய்கிறது. பாடசாலைத் தோட்டத்துக்கு வெண்டி விதையையும் பூசணி விதையையும் சின்னத் துண்டுகளில் சுற்றி, சுற்றியபடியே நட்டோம். தண்ணீர் ஊற்றியதும் தாள் கரைய, விதை முளைத்தது. கரைவது அங்கே குறையே அல்ல. அதே மாவைப் பசையாகக் காய்ச்சி, பழைய வினாத்தாள்களில் கடதாசிப் பைகள் ஒட்டினோம். பக்கத்துக் கடையில் பருப்பும் மல்லியும் கட்டிக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் உம்மா இப்போது பெட்டி கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு இடியப்பம் கூடுதலாக வைக்கிறார். யார் சொல்லிச் செய்கிறார் என்று நான் கேட்கவில்லை.

வகுப்பில் உரித்த அந்த முதல் நல்ல தாளின் ஒரு துண்டை என் பாடக்குறிப்புக் கொப்பிக்குள் வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் பிடித்து, மொறுமொறுத்துப் போய்விட்டது. ஒரு மூலையைக் கரப்பானோ எதுவோ அரித்துத் தின்றிருக்கிறது. தின்ற பூச்சிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பள்ளக்காட்டு யானைகளை நினைத்துக்கொண்டேன்.

காக்கா, கோபிக்க வேண்டாம். ஐநூறு பை என்னால் தர முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். நோன்புக்கு முந்திய ஜும்ஆவில் ஒரு அறிவித்தல் சொல்லுங்கள், கஞ்சிக்கு வருகிறவர்கள் பாத்திரத்தோடு வரட்டும். பாத்திரம் இல்லாமல் வருகிற வழிப்போக்கர்களுக்கும் கூலி வேலைக்காரர்களுக்கும் பள்ளியில் ஒரு இருபது மூடிப் பாத்திரம் வைப்போம், கொண்டுபோய் மறுநாள் தரட்டும். அதில் பத்துப் பாத்திரம் என் பொறுப்பு. கழுவி அடுக்கும் வேலைக்கு என் வகுப்புப் பையன்கள் முறை வைத்து வருவார்கள், பேசிவிட்டேன்.

உம்மாவின் அந்த அலுமினிய வாளி இன்னும் வீட்டில் இருக்கிறது. அடி கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, ஒழுகவில்லை. முதல் நோன்பு அஸருக்குப் பிறகு அதோடு வரிசையில் நிற்பேன், இன்ஷா அல்லாஹ். நீங்களும் வாருங்கள்.